உன் காதுக்குள் நான் சொன்ன தோணி

மனே,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மயக்க மருந்துத் துறையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, அடுத்த திங்கள் கொழும்பில் தொடங்க வேண்டும் என்றாய். அந்தச் சந்தோசத்தில் அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். ஏன் இந்தத் துறைக்கு வருகிறாய் என்று நேர்முகத்தில் கேட்டார்களாம். ஏழு வயதில் சுனாமியில் காயப்பட்டு ஆசுபத்திரியில் கிடந்தபோது மயக்கத்துக்குள் அப்பா தோணியில் வந்தார், 'அம்மாக்கிட்டப் போ' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார், அந்த மயக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறியத்தான் வருகிறேன் என்று நீ சொன்னாயாம். லைன் போய்விட்டது என்று நினைத்து நீ போனை வைத்துவிட்டாய். லைன் போகவில்லை. நான்தான் இந்தப் பக்கம் பேச்சில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

நீ இப்போது டொக்டர். கெற்றமின் என்ற மருந்து என்ன செய்யும் என்று உனக்கு என்னைவிடத் தெரியும். கனவு காட்டும், இல்லாத ஆளை எதிரில் கொண்டுவந்து நிறுத்தும் என்று படித்திருப்பாய். ஆனால் உன் கனவை மட்டும் நீ அந்தப் பாடத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை. பார்க்க மனம் வரவில்லையோ என்னவோ. நானும் இத்தனை வருடமாக அதைத் தொடவில்லை. இனி நீ ஒவ்வொரு நாளும் அந்த மருந்தைக் கையில் எடுக்கப்போகிறாய். என்றைக்காவது யாராவது உனக்கு விளக்கிச் சொல்லுமுன் நானே சொல்லிவிட வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பாவை உனக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆரையம்பதியில் பிறந்தும் கடலுக்குப் பயந்த மனிசன் அவர். எங்கட ஆக்கள் வாவியை ஆறு என்றுதானே சொல்லுவார்கள்; 'நான் ஆத்துக்காரன், கடலோட எனக்குச் சங்காத்தம் இல்ல' என்பார். கூட்டுறவுக் கடையில் வேலை முடிந்து வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோணியில் ஏறிவிடுவார். உன்னை முன்னால் இருத்தி, நடுவில் இறால் போட ஒரு சருவச்சட்டியை வைத்து, ஒரே பாட்டை ராகமில்லாமல் பாடிக்கொண்டு கம்பால் தோணியைத் தாங்குவார். கரையில் நிற்கும் எனக்கு அந்தப் பாட்டு முதலில் கேட்கும், பிறகுதான் தோணி தெரியும். இரவுக்கு அந்த இறாலைப் பால்விட்டுச் சமைப்பேன். தலை எல்லாம் எனக்கு, சதை எல்லாம் உனக்கு, குழம்பு மட்டும் அவருக்கு. அந்தக் காலத்தில் எங்களுக்கு என்ன இருந்தது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பும்போது வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு ஒன்று இருக்கும் பார், அந்த நடையை நான் பிறகு நடந்ததே இல்லை.

கடலுக்குப் பயந்தவர் ஞாயிறு காலையில் மட்டும் உனக்காகக் கடற்கரைக்குப் போவார். கரைவலை இழுப்பதைப் பார்க்க உனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஞாயிறும் போனீர்கள். எனக்கு ஆசுபத்திரியில் காலை டியூட்டி. நத்தார் பண்டிகைக்கு மறுநாள் என்பதால் ஒப்பரேசன் தியேட்டரில் என்னைப் போல நர்ஸ்மார் குறைவு. ஒன்பது மணிக்குப் பிறகு காயப்பட்ட ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஓட்டோவில் வந்தார்கள், பிறகு லொறியில், பிறகு கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சே விளங்கவில்லை. எந்த ஊர் என்று கேட்கவும் பயமாக இருந்தது.

பத்தரை மணிபோல் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் உன்னைக் கொண்டுவந்தார்கள். உன் வலது காலைத் தகரம் பிளந்திருந்தது. காயம் முழுக்க மண்ணும் பாசியும். நீ அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கட்டுப்போட்டு, சேலைன் ஏற்றி, வார்ட்டில் விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்க ஓடினேன். ஓட வேண்டியிருந்தது மனே. தியேட்டரில் நாங்கள் மூன்று பேர்தான். பின்னேரம் உன் முறை வந்து உன்னைத் தள்ளிக்கொண்டு வரும்போது, நடைவழியின் ஓரத்தில் வரிசையாகப் படுக்கவைத்து முகத்தை மூடியிருந்தவர்களின் பக்கம் என் கண் போனது. நான்காவதாகக் கிடந்தவரின் கால் எனக்குத் தெரிந்த கால். அந்தப் பெருவிரலில் நான் இரண்டு நாளைக்கு முன் கட்டிவிட்ட துணி அப்படியே இருந்தது. நான் நிற்கவில்லை. உன் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்குள் போனேன். எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அப்போது எங்களுக்கு இருந்தவர் ஒரே ஒரு மயக்க மருந்து டொக்டர். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், இளம் ஆள், எங்களிடம் தமிழ் பழகிக்கொண்டிருந்தார். மயக்கும் மெசின் இரண்டும் பெரிய காயக்காரர்களிடம் இருந்தன. மற்ற எல்லாருக்கும் கெற்றமின்தான். அந்த மருந்து கொடுத்தால் நோயாளி தானாக மூச்சு விடுவார், மெசின் வேண்டாம், இரத்த அழுத்தம் விழாது. கண் திறந்திருக்கும், ஆனால் ஆள் எங்கேயோ இருப்பார். அந்த மருந்து இல்லாவிட்டால் அந்த வாரம் எத்தனை பேரைக் கத்தக் கத்த வெட்டியிருப்போம் என்று நினைக்கவே கூடாது. டொக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நீ என் பிள்ளை என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும், நடைவழியில் கிடந்தது யார் என்று தெரியாது.

"மிஸ், தூங்க முந்தி புள்ளைக்கு நல்ல விசயம் ஒண்டு சொல்லுங்க. காதில என்ன போகுதோ, உள்ளுக்கு அதத்தான் பாக்கும். பயம் சொன்னா பயம் பாக்கும்."

நான் குனிந்து உன் காதுக்குள் சொன்னேன். "மனே, அப்பா தோணியில வாறார். ஆத்தில வாறார். பாட்டுக் கேக்குதா? உன்னப் பாக்கத்தான் வாறார்."

நீ தலையை ஆட்டினாய். கண் மேலே போய்ப் பக்கத்துக்குப் பக்கம் ஆடியது. காயத்தைக் கழுவி முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. இடையில் ஒரு தரம் நீ சிரித்தாய். நான் உன் தலைமாட்டில் நின்று வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் செத்துப்போனது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உனக்குள் அந்தத் தோணியை விட்டேன். நீ பயப்படக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன், அதற்குப் பிறகு வரப்போவதை நினைக்கவில்லை.

விழித்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "அப்பா வந்தவர்." தோணியில் வந்தார், வெள்ளைச் சேர்ட்டுப் போட்டிருந்தார், உன் கையைப் பிடிக்கவில்லை, 'அம்மாக்கிட்டப் போ மனே' என்றார் என்றாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ என்னைத் தேற்றினாய். மூன்று நாளைக்குப் பிறகு மறுபடியும் காயத்தைக் கழுவ வேண்டியிருந்தது. இந்த முறை நீ தள்ளுவண்டியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு டொக்டரிடம் சொன்னாய், "டொக்டர், அந்த ஊசிய இன்னும் கூடப் போடுங்க. அப்பாட்டப் போகணும்." டொக்டர் கையில் எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். அப்போதுதான் நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றார். அவரும் நித்திரை கொண்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

"நான் சொன்னதாலதான் நீங்க சொன்னது," என்றார். "என்ட பிழை மிஸ். இனிமே கொஞ்சமாப் போடுவம். நோவ மட்டும் எடுப்பம், புள்ளய எடுக்க வேணாம்."

அன்றைக்குத்தான் நான் முதல்முதல் அந்தக் குறைந்த அளவைக் கண்டேன். காலில் விறைப்பு ஊசி போட்டு, அதோடு கெற்றமினைத் துளி அளவு. நீ எங்களோடேயே இருந்தாய், கொஞ்சம் குடித்தவன் மாதிரிப் பேசிக்கொண்டு. நோகுதா என்று கேட்டால் இல்லை என்றாய். காயம் கழுவி முடிந்தது. ஆனால் முடியும்போது நீ அழத் தொடங்கினாய். நோவுக்கு இல்லை. "அப்பா வரல்ல" என்று அழுதாய். மருந்தைப் பொறுத்தவரை அன்றைக்கு நடந்தது எல்லாம் சரி. பிழை எல்லாம் என்னுடையது.

உன் அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாளில் சாமித்தம்பி அண்ணன் வீட்டுக்கு வந்தார். உன்னை உழவு இயந்திரத்தில் ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்தவர் அவர் என்று உனக்குத் தெரியும். வருடா வருடம் வந்து, முற்றத்தில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழும்பிப் போகும் கரைவலைக்காரர். 'ஏனம்மா அந்த மாமா ஒண்டும் கதைக்கிறாரில்ல' என்று ஒருமுறை கேட்டாய். ஒழுங்கையில் கிடந்த உன்னைத் தூக்கி வந்தவர், அவ்வளவுதான் என்று சொன்னேன். அது பொய். அவர் கதைக்காததற்குக் காரணமும் நான்தான்.

முதல் தடவை வந்தபோது அவர் எனக்குச் சொன்னது இதுதான். தண்ணீர் வந்ததும் அவர் ஒரு பூவரச மரத்தில் ஏறிவிட்டார். உன் அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடிவந்திருக்கிறார். மரத்தடிக்கு வரும்போது தண்ணீர் அவர் நெஞ்சுக்கு. உன்னை மேலே உயர்த்தி, "பிடிங்க அண்ணன்" என்று கொடுத்திருக்கிறார். நீ அவருடைய கழுத்தை விடவில்லையாம். உன் விரல்களை ஒவ்வொன்றாக அவரே விலக்கிவிட்டு, "போ மனே, அம்மாக்கிட்டப் போ" என்றாராம். சாமித்தம்பி அண்ணன் ஒரு கையால் உன்னை அணைத்துக்கொண்டு மற்றக் கையை அவருக்குக் கொடுத்திருக்கிறார். அவர் பிடித்திருக்கிறார். கொஞ்ச நேரம் பிடித்திருக்கிறார். பிறகு கூரைத் தகரத்தையும் மரங்களையும் அள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் உங்கள் மேல் அடித்திருக்கிறது. அதில்தான் உன் கால் பிளந்தது. அந்த அடியில் கை வழுக்கிவிட்டது.

அவர் சொல்லி முடித்ததும் எனக்கு உன் வார்த்தை நினைவு வந்தது. நான் உன் காதில் சொன்னது அப்பா வாறார் என்று மட்டும்தான். போகச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அது உண்மையாகவே அவர் உனக்குச் சொன்னது. அந்தக் காலை முழுவதும் உன் நினைவிலிருந்து போய்விட்டது, அந்த ஒரு வசனம் மட்டும் நான் விட்ட தோணிக்குள் ஏறிக்கொண்டது. தோணிதான் பொய்.

அதைக் கேட்ட அன்றே நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "அண்ணன், புள்ள அப்பாவத் தோணியில கண்டதா நம்பிக்கிட்டு இருக்கான். இதச் சொன்னா இன்னொருக்காச் சாகக் குடுக்கிற மாதிரி. அவனுக்கு ஒண்டும் சொல்லிராதீங்க," என்று கும்பிட்டுக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி புள்ள, நீ சொல்லாம நான் சொல்ல மாட்டன்" என்றார். அவர் எனக்குச் சொல்ல மட்டும் வரவில்லை, உன்னிடமும் சொல்லித் தன் மனப்பாரத்தை இறக்கவும்தான் வந்தார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை பின்னேரம் நீ ஆற்றங்கரையில் போய் நின்றாய்! 'இண்டைக்கு வரமாட்டார் போல' என்று சொல்லிக்கொண்டு வந்து பாடம் படிக்க உட்காருவாய். பத்து வயதில் போவதை நிறுத்தினாய். நிறுத்தியதும் நான் நிம்மதிப்பட்டேன், பார், எப்படிப்பட்ட தாய் நான்.

யுத்தம் முடிந்த வருடம் ஒரு மனிசி எங்கள் தியேட்டருக்கு வந்தாள். வாகரைப் பக்கம். சேனைப் பயிரும் மீனும்தான் அவர்களுக்குச் சீவியம். செல்வராணி என்று வைத்துக்கொள். இடம்பெயர்ந்து வந்த காலத்தில் தொடையில் ஏறிய ஷெல் துண்டு உள்ளேயே இருந்து புண் வைத்துவிட்டது. முதல் நாளே என் கையைப் பிடித்து இழுத்து, மெல்லிய குரலில் கேட்டாள்.

"மிஸ், மயக்கத்தில மனிசர் கதைப்பாங்களாமே. நான் என்னவும் கதைச்சா?"

வார்ட் வாசலில் அந்த நாட்களில் சீருடைக்காரர் வந்து போவார்கள். அவளுடைய மகன் எங்கோ இருந்தான், எங்கே என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் கால் போய்விடும். கால் போனாலும் பரவாயில்லை, வேண்டாம் என்றாள். நான் அதே டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் அப்போது தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் வந்து அவளுடைய கட்டிலில் உட்கார்ந்து, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைப்பேன், மற்ற மருந்து நோவுக்குக் கொஞ்சம்தான், நீங்கள் முழுசாகப் போக மாட்டீர்கள், ஆனாலும் வாய் கொஞ்சம் தளரும், கதைக்கவே மாட்டீர்கள் என்று நான் சத்தியம் பண்ண ஏலாது, உள்ளே நானும் மிஸ்ஸும் உங்கட தலைமாட்டில் நிற்போம் என்றார். அவள் கன நேரம் யோசித்துவிட்டு ஓம் என்றாள்.

அவள் கதைத்தாள்தான். துண்டை எடுக்கும்போது என் கையை நெரித்துப் பிடித்துக்கொண்டு மகனின் பெயரைச் சொன்னாள். மூன்று தரம். பிறகு ஒரு இடத்தின் பெயரும். நான் அவள் வாய்க்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன், என்னையும் டொக்டரையும் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. வார்ட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நான் என்ன சொன்னன் மிஸ்?" என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, 'ஒண்டும் சொல்லல்லகா, நல்லா நித்திரை கொண்டீங்க' என்று. எனக்குப் பழகின வழி அதுதானே. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. குனிந்து, சொன்னதை அப்படியே சொன்னேன். பெயர், எத்தனை தரம், எந்த இடம், யார் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க ஒண்டுமில்ல எண்டிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன் மிஸ். என்ன சொன்னனோ, ஆருக்குச் சொன்னனோ எண்டு சாகும்வரைக்கும் யோசிச்சிருப்பன். இப்ப எனக்குத் தெரியும். இனி நான் நித்திரை கொள்ளுவன்," என்றாள். கொண்டாள். அவளுடைய மகன் அடுத்த வருடம் வந்து சேர்ந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீ வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் செயின் மாட்டிக்கொண்டிருந்தாய். கையெல்லாம் கிறீஸ். "அம்மா, நான் டொக்டராகப்போறன், எங்கட சேர் சொன்னவர் என்னால ஏலுமாம்" என்றாய். மறுகா, சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று உள்ளே போனேன். அந்த மறுகாதான் இவ்வளவு வருடம் போனது.

மனே, நீ அந்தத் தலைமாட்டில் போய் நிற்கப்போகிறாய். நோயாளியின் முகத்துக்கு ஆகக் கிட்ட நிற்பவன் நீதான், வெட்டுகிறவர் இல்லை. பயந்துபோன ஆள் ஒருவர் உன்னை அண்ணாந்து பார்க்கும்போது இனிப்பாக ஏதாவது சொல்லிவிட வேண்டும் போல் இருக்கும். சொல்லு, ஆனால் அது அவருடையதாக இருக்கட்டும். எதை நினைத்துக்கொண்டு படுக்க விருப்பம் என்று அவரையே கேள். உன் கையிலிருந்து எடுத்துக் கொடுக்காதே. செத்தவரை உயிரோடு கொடுக்காதே. மருந்து எவ்வளவு குறைவாகக் கொடுத்து நோவை எடுக்கலாம் என்று உனக்குக் கற்றுத்தருவார்கள். பொய்க்கு அப்படிக் குறைந்த அளவு ஒன்று இல்லை என்று நான் பட்டுத்தான் படித்தேன்.

இன்று காலை நான் சாமித்தம்பி அண்ணனுக்குப் போன் எடுத்தேன். இப்போது தேற்றாத்தீவில் மகளோடு இருக்கிறார். கண் சரியில்லை, காது நன்றாகக் கேட்கிறது. "அண்ணன், புள்ளைக்கு எழுதுறன். நீங்க இனிச் சொல்லலாம்," என்றேன். இந்த முறை லைன் போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

பிறகு கேட்டார். "கை வழுக்கினதையும் சொல்லலாமா புள்ள?"

"ஓம் அண்ணன். அதையும்தான்."

"அப்ப வரச் சொல்லு. கெதியா வரச் சொல்லு."

திங்களுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. கொழும்பு பஸ் ஏறுமுன் தேற்றாத்தீவுக்குப் போய் வா. நான் கூட வரமாட்டேன், நான் இருந்தால் அவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கதைப்பார். என்னோடு கோபம் என்றால் அதைப் பிறகு வைத்துக்கொள், நான் எங்கேயும் போகப்போவதில்லை. அங்கே போனால் டொக்டர் என்று கதிரையில் உட்காராதே, அவருக்குப் பக்கத்தில் அந்த நீள வாங்கில் உட்கார். இடையில் பேச்சு நின்றால் அவசரப்படுத்தாதே. அந்த இடம் வரும்போது அவர் தன்னுடைய வலது கையை மடிக்குள் மறைப்பார், எனக்குச் சொன்னபோதும் அப்படித்தான் செய்தார். அதை எடுத்துப் பிடித்துக்கொள். அவர் சொல்லி முடிக்கும்வரைக்கும் விடாதே.

அம்மா